ஆட்ட விதிகளின் அதிபதிகளுக்கு அளவெட்டியிலிருந்து ஒரு பெட்டிசம்

சுவிற்சர்லாந்து தேசத்துச் சூரிச் மாநகரில் வீற்றிருந்து, பூமண்டலம் எங்கணும் உருளுகின்ற பந்துக்கு விதி வகுத்தருளும் சர்வதேச உதைபந்தாட்டச் சங்க சபையின் மேன்மைதங்கிய அங்கத்தவர்கள் சமூகத்துக்கு, இலங்கைத் தீவின் வடபால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில், அளவெட்டிக் கிராமத்துச் சந்தி மதகிலே மாலைதோறும் கூடும் ரசிகர் குழாத்தின் சார்பில், அதன் காரியதரிசி என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்ட அடியேன் மிக்க பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பமாவது:

எங்கள் ஊரைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் தங்கள் நகரத்திலேயே ரயில் நிலையத்திலோ, உணவுச்சாலைகளின் சமையற்கட்டிலோ சற்றே விசாரித்தால் யாழ்ப்பாணத்தார் பலர் அகப்படுவர். அவர்களுள் ஒருவராவது கொண்டு கொடுத்த வகையில் அளவெட்டிக்கு உறவினராயிருப்பார். கும்பிழாவளைப் பிள்ளையார் எழுந்தருளியிருக்கும் ஊர் இது என்றும், நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் கவிஞர் மகாகவி உருத்திரமூர்த்தியும் இவ்வூரவரே என்றும், தவில் மேதை தெட்சணாமூர்த்தி இணுவிலிலே பிறந்தும் வாழ்வதற்கு இவ்வூரையே தெரிந்தெடுத்தார் என்றும் அவர் தங்களுக்கு எடுத்துரைப்பார். நேரம் இருந்தால் மேலும் உரைப்பார். நேரம் இல்லாவிட்டாலும் உரைப்பார். பந்து விஷயத்திலும் நாங்கள் அந்நியரல்லர். ஒரு பக்கத்தில், 1910ஆம் ஆண்டிலே பாவலர் துரையப்பாபிள்ளை ஸ்தாபித்த தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும், மறுபக்கத்தில் இளவாலைப் புனித ஹென்றியரசர் கல்லூரியும் உதைபந்தாட்டத்திலே கீர்த்தி பெற்று விளங்க, இரண்டுக்கும் நடுவிலே குடியிருக்கும் ஒரு ஜனசமூகம் பந்தைப் பற்றி அபிப்பிராயம் யாதுமின்றி வாழ்தல் எவ்விதம் சாத்தியமாகும்?

ஒரு கிராமத்து மதகிலிருந்து புறப்படும் மனு உலக விதியைத் திருத்தவல்லதோ என்று தங்களுள் எவரேனும் புன்னகை புரியலாம். அன்னாருக்குத் தங்கள் சபையின் சரித்திரத்தையே நினைவூட்ட விரும்புகிறேன். அயர்லாந்தின் வடபுறத்திலே, ஆர்மா மாவட்டத்து மில்ஃபோட் என்னும் சிறு கிராமத்தில், வில்லியம் மக்ரம் என்ற கோல் காப்பாளர் ஒருவர் இருந்தார். கோல் விழப்போகும் தருணத்தில் எதிரியின் காலை வாரிவிடுவோருக்குத் தகுந்த தண்டனை இல்லையே என்று வருந்தி, தண்ட உதை என்னும் ஏற்பாட்டை அவர் பிரேரித்தபோது, இது ஓர் அயர்லாந்துக்காரனின் பிரேரணை என்று கனவான்கள் நகைத்தனராம். நகைத்த சபையே 1891ஆம் ஆண்டிலே அதனை விதியாக்கியது. மில்ஃபோடுக்குக் கிடைத்த செவி அளவெட்டிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். அன்றியும் பெட்டிசம் எழுதுதல் எங்கள் பிரதேசத்தின் பாரம்பரியக் கலைகளுள் ஒன்று. வேலி எல்லை, கிணற்றுப் பங்கு, கோயில் நிர்வாகம், ஆசிரியர் இடமாற்றம் ஆகிய சகல துறைகளிலும் எங்கள் முன்னோர் பெட்டிசம் எழுதித் தேர்ந்தவர்கள்; ஆட்ட விதி ஒன்றே எஞ்சியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் நடைபெற்ற பாடசாலைப் போட்டி ஒன்றில், நாங்கள் எங்களுடையது என்று உரிமை கொண்டாடும் பாடசாலை 2க்கு 1 என்ற கோல் கணக்கிலே தோல்வியுற்றது. பாடசாலையின் பெயரை எழுதேன்; எழுதினால் இவ்விண்ணப்பம் தங்கள் கைக்கு வருமுன் அதிபரின் கைக்குப் போய்விடும். ஆட்டம் அன்று பொழுதுபடுமுன்னரே முடிந்துவிட்டது. விசாரணை மாத்திரம் இன்னும் முடிந்தபாடில்லை. மதகிலே தொடங்கித் தேத்தண்ணிக் கடைக்குப் பரவி, அங்கிருந்து சலூனுக்குச் சென்று, சங்கக் கடை வரிசையிலே மறுவிசாரணைக்கு எடுக்கப்பட்டு, ஒரு செத்தவீட்டிலே பாடை கட்டும் நேரத்திலும் தணிந்த குரலில் தொடர்ந்தது. குற்றவாளிக் கூண்டிலே நிற்பவர் பயிற்றுநர். காலையில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்து, பிற்பகலில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு மாஸ்ரர் அவர். மேலதிக வேதனம் எதுவும் இல்லை. பந்துக்குக் காற்று அடிக்கும் பம்பும் அவருடைய சொந்தப் பம்பு.

அவர்மீது சுமத்தப்பட்ட பிரதான குற்றம், இரண்டாம் பாதியின் தொடக்கத்திலே இடது ஓரத்தில் விளையாடிய பையனை வெளியே அழைத்தமை. “லெஃப்ற் விங்கை ஏன் எடுத்தவர்? அவன் ஒருத்தன்தானே பந்தைக் கொண்டு ஓடினவன்! அவனை எடுத்தாப் பிறகு ஆர் ஓடுறது, இவரோ?” என்று ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் எழுப்பிய வினாவுக்கு இந்நாள்வரை விடை கூறத் துணிந்தார் எவருமிலர். அந்த மாற்றத்தின் பின்னரே இரண்டாவது கோல் விழுந்தது என்பதால், அந்த மாற்றத்தினாலேயே விழுந்தது என்று எமது சபை ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. தருக்க சாஸ்திரத்திலே இதற்கு ஏதோ ஒரு குற்றப் பெயர் உண்டு என்று சங்கத வித்துவான் ஒருவர் முணுமுணுத்தார். அவர் பந்தாட்டம் பார்ப்பவரல்லர் ஆதலால் அவருடைய வாக்கு எண்ணப்படவில்லை.

ஆகவே எமது முதலாவது பிரார்த்தனை இது. வீரர் மாற்றம் சம்பந்தமாகத் தாங்கள் காலத்துக்குக் காலம் காட்டிவந்த தாராளத்தை நாங்கள் நன்கறிவோம். உலகக் கிண்ணத்திலே மாற்று வீரர் என்ற வகையினரே 1970ஆம் ஆண்டுவரை இல்லை. பின்னர் இருவர், மூவர் என்றாகி, பெருந்தொற்றுக் காலத்தில் 2020இலே தற்காலிகமாக ஐவர் என்று அனுமதித்து, 2022இலே அதனை நிரந்தரமும் ஆக்கினீர்கள். எண்ணிக்கையிலே இத்துணை உதாரகுணம் படைத்த தாங்கள் காலத்திலே மாத்திரம் கஞ்சத்தனம் காட்டுவது ஏன்? மாற்றம் யாவும் ஆட்டம் நிகழும்போதே செய்யப்படவேண்டும் என்ற கடும் விதியினாலன்றோ, எதிர்காலத்தை அறியாத ஒரு பயிற்றுநர் அவசரத்திலே முடிவெடுக்க, முடிவை அறிந்து நிதானமாக யோசிக்கும் ஆற்றல் படைத்த எம்மனோர் யாதொரு அதிகாரமுமின்றி மதகிலே குந்தியிருக்க நேர்கிறது? ஆட்டம் முடிந்து ஏழு நாட்களுக்குள் ரசிகர் குழாம் செய்யும் மாற்றங்கள் பின்னோக்கிய வலுவுடையன என்று ஒரு வாசகம் சேர்த்தருளினால் போதுமானது. எங்களுக்கு ஐந்து மாற்றங்களும் வேண்டாம். அந்த இடது விங் ஒருவனை மீண்டும் உள்ளே விட்டால், 2க்கு 2 என்பது நிச்சயம். 3க்கு 2 என்பது சம்பாவிதம்.

உண்மையை மறைத்தல் விண்ணப்பதாரிக்கு அழகன்று; ஆதலால் அடியேன் தனிப்பட விசாரித்து அறிந்த அற்ப விவரம் ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். அப்பையனின் இடது சப்பாத்து அவனுடைய அண்ணனுடையது. இடைவேளைக்குச் சற்று முன்னர் அதன் அடித்தோல் முன்பக்கத்திலே வாய் பிளந்தது. மாஸ்ரர் தம்முடைய சைக்கிளின் கரியரில் முடிந்து வைத்திருந்த பழைய ரியூப் பட்டியை எடுத்து, சப்பாத்தைச் சுற்றி மூன்று வரி இறுக்கிக் கட்டி அனுப்பினார். பட்டி சிறிது நேரம் தாங்கியது; பின்னர் வழுகி, குதிக்காலில் வளையமாக இறங்கியது. பையன் ஒரு தடவை பந்தை உதைத்தபோது பந்து ஓரிடத்துக்கும் அடித்தோல் வேறோரிடத்துக்கும் போயின. அந்த அளவிலே வேறு சப்பாத்து அணியில் எவரிடமும் இல்லை. இவ்விவரத்தை அடியேன் மதகிலே சமர்ப்பித்தபோது, “உதெல்லாம் சாட்டு. நாங்கள் வெறுங்காலோடை விளையாடினனாங்கள்” என்ற ஒரே வசனத்தால் அது நிராகரிக்கப்பட்டது. நிராகரித்தவர் எந்த அணிக்கு விளையாடினார் என்று கேட்பது எமது சபையின் மரபன்று.

இரண்டாவது, பயிற்றுநர் நிற்கும் எல்லை. மைதான ஓரத்திலே பயிற்றுநருக்கென்று ஓர் எல்லைக்கட்டை 1993ஆம் ஆண்டிலே தாங்கள் வகுத்தீர்கள் என்றும், அதற்கு முன்னர் ஓரத்திலிருந்து கட்டளையிடுவதே விதிக்கு மாறாகக் கருதப்பட்டது என்றும் அறிந்து பிரமித்தோம். எங்கள் மைதானங்களிலோ, தங்கள் சபை பிறந்த 1886ஆம் ஆண்டு எங்களுக்குத் தெரியாதிருந்த காலத்திலேயே, வேலியில் ஏறியும், பனையடியில் நின்றும், சைக்கிள் பாரில் ஒரு காலை ஊன்றியும் இடையறாது கட்டளையிட்டு வந்திருக்கிறோம். அவ்வெல்லைக்குள்ளிருந்து ஒரு சமயத்தில் ஒருவரே தந்திரோபாயங் கூறலாம் என்று தங்கள் விதி சொல்கிறது. ஒருவரே! ஐயன்மீர், எங்கள் பக்கத்திலே ஒரு கலியாணப் பந்தலுக்குக் கால் நடும்போதுகூட அப்படி ஒரு நியமம் இல்லை. அன்று “அடியடா” என்று பதினைந்து பேரும், “குடுடா” என்று பதினைந்து பேரும் ஏககாலத்தில் கட்டளையிட்டதனால், பந்தை வைத்திருந்த பையன் அடிக்கவும் கொடுக்கவும் செய்யாது எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எதிரணியின் வீரன் வந்து, நடைபாதையிலே கிடந்த பொருளை எடுப்பவனைப்போல அதனை எடுத்துச் சென்றான். இதற்கும் மாஸ்ரரே உத்தரவாதி என்று தீர்மானம். கட்டளைகளை ஒருங்கிணைக்க அவர் தவறிவிட்டார்.

அணிவகுப்புப் பற்றிய வழக்கு இன்னும் சிக்கலானது. ஆயினும் அதனை நீட்டுவானேன். எங்கள் முதியோர் மனத்திலே ஓர் அணி இன்றும் விளையாடிக்கொண்டிருக்கிறது. அதிலே பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர். 1925ஆம் ஆண்டிலே ஓஃப்சைட் விதியைத் தாங்கள் தளர்த்தியபோதே, ஆர்சனல் கழகத்துச் சப்மன் என்பவர் நடு வீரர்களுள் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து அந்தப் பழைய கோபுரத்தை இடித்துவிட்டார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. தகவல் எங்கள் மதகுக்கு வந்து சேரவில்லை. “இன்சைட் லெஃப்ற் எங்கை? இன்சைட் லெஃப்ற் இல்லாமல் என்ன ரீம்?” என்று எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் அன்று ஆட்டம் முழுவதும் தேடினார். இளையோரோ, ஐரோப்பியக் கழகங்களை நள்ளிரவிலே தொலைக்காட்சியிற் பார்த்துத் தேர்ந்தவர்கள்; கோல் காப்பாளனிடமிருந்தே சிறு சிறு பரிமாற்றமாகப் பந்தைக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது அவர்கள் சித்தாந்தம். கல்லும் நெருஞ்சியும் விரவிய செம்மண் தரையிலே, பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதைத் தரையே தீர்மானிக்கும் இடத்தில், அச்சித்தாந்தத்தை அனுஷ்டித்ததன் பலனே முதலாவது கோல். இளையோரின் சொற்படி மாஸ்ரர் நடந்தார் என்பது முதியோரின் குற்றச்சாட்டு. அரைகுறையாக நடந்தார் என்பது இளையோரின் குற்றச்சாட்டு.

கடல் கடந்த பிரிவு ஒன்றும் எமது சபைக்கு உண்டு. ரொறன்ரோவிலே ஸ்காபரோப் பகுதியில் வசிக்கும் பழைய மாணவர் ஒருவர், அங்கே காலை ஆறரை மணிக்கு எழும்பி, தேநீரும் அருந்தாமல், மருமகன் ஒருவன் கைத்தொலைபேசியில் நடுங்க நடுங்கப் பிடித்துக்காட்டிய ஆட்டத்தை முழுவதும் பார்த்தார். அவர் பார்த்த படத்திலே பந்து தெரிந்த நேரம் சொற்பம். ஒருவருடைய பிடரியே பெரிதும் தெரிந்தது. எனினும் ஆட்டம் முடிந்த மாத்திரத்தில் அவர் அனுப்பிய குரற்செய்திகள், சேர்த்துக் கேட்டால் ஆட்டத்தினும் நீண்டவை. அடுத்த வருஷம் ஜேர்சிக்குத் தாம் காசு அனுப்புவதாயின் மாஸ்ரரை மாற்றவேண்டும் என்பது அவற்றின் சாராம்சம். ஜேர்சிக்குக் காசு வருவது நல்ல விஷயமே. சப்பாத்துக்கு ஒருவரும் காசு அனுப்புவதில்லை, ஏனெனில் சப்பாத்திலே பெயர் பொறிக்க இடமில்லை.

கோல் காப்பாளன் விஷயத்தில் எமது சபை காட்டிய கருணையையும் தாங்கள் அறியவேண்டும். கடைசி நேரத்து மூலை உதையிலே கையை விட்டு நழுவிய பந்துக்காக அப்பையன் இப்பொழுது சந்தியால் வருவதில்லை. தோட்டத்து ஒழுங்கையால் சுற்றிப் பாடசாலைக்குப் போகிறான். 1950ஆம் ஆண்டு ஜூலை 16ஆந் தேதி, மரக்கானா மைதானத்திலே, உருகுவேயிடம் இதே 2க்கு 1 என்ற கணக்கிற் பிரேசில் தோற்றபோது, பார்போசா என்னும் கோல் காப்பாளரை அத்தேசத்தார் அவர் 2000ஆம் ஆண்டிலே கண் மூடும்வரை மன்னிக்கவில்லை என்பர். நாங்கள் அத்தகைய கொடியவர்களல்லர். அப்பையனுக்கு வயது பதினேழு. உயர்தரப் பரீட்சை எழுதி வெளியேறும்வரை மாத்திரம் “ஓட்டைக்கையன்” என்று அழைப்பதென்றும், பல்கலைக்கழகம் கிடைத்தால் தண்டனையை ரத்துச் செய்வதென்றும் தீர்மானித்திருக்கிறோம்.

பல்கலைக்கழகம் என்றதும் ஒரு தடையைச் சொல்லவேண்டியிருக்கிறது. தாங்கள் பயிற்சி என்ற ஒன்றைப் பற்றி விதிகளிலே எதுவும் கூறவில்லை. கூறியிருந்தால் நாங்கள் பெரும் சங்கடத்துக்கு உள்ளாகியிருப்போம். எங்கள் நாட்டிலே 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல் என்னும் ஏற்பாடு, சில புள்ளிகளால் ஒரு பிள்ளையின் வாழ்வே மாறிவிடும் என்ற பீதியை எங்கள் பெற்றோர் நெஞ்சிலே ஆழ விதைத்தது. பின்னர் யுத்தமும் இடப்பெயர்வும் வந்து, பறிக்க முடியாத சொத்துப் படிப்பு ஒன்றே என்று அதற்கு நீர் ஊற்றின. இன்று தசமத்துக்குப் பின் நான்கு தானம்வரை கணிக்கப்படும் இசட் புள்ளியை முன்னிட்டு, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை ரியூசன் கொட்டகைக்குப் போகிறான். அங்கிருந்து வேறொரு கொட்டகைக்குப் போகிறான். மாஸ்ரர் பயிற்சிக்கு விசில் ஊதும் நேரமும் இரசாயனவியல் ரியூசன் ஆரம்பிக்கும் நேரமும் ஒன்றே. கோல் காப்பாளன் வரும் நாளில் பின்கள வீரர் இல்லை. பின்களத்தார் வரும் நாளில் பந்து அடிக்க ஆள் இல்லை. பதினொருவரும் ஒருங்கே நின்ற முதல் தருணம் போட்டியன்று படம் எடுக்கும்போதுதான். மூலை உதையின்போது யார் யாரைக் காப்பது என்பதை மாஸ்ரர் வெண்கட்டியால் கரும்பலகையிலே கீறிக் காட்டினாராம்; பாதிப் பேர் அன்றும் வந்திருக்கவில்லை.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரியூசனுக்குப் பிள்ளையை அனுப்பியவரும், மூலை உதையிலே ஆள் காக்கத் தெரியவில்லை என்று மாஸ்ரரைச் சாடுபவரும் ஒருவரே. தபாலதிபரின் பேரன் அணியின் வலது பின்கள வீரன். அவன் பயிற்சிக்குப் போகாமற் காத்தவர் தபாலதிபர். “விளையாட்டு எங்கை சோறு போடப்போகுது?” என்று ஆட்டத்துக்கு முன்னரும், “விளையாட்டிலை ஒரு ஒழுங்கு வேண்டாமோ?” என்று ஆட்டத்துக்குப் பின்னரும் அவர் அருளிய இரு வாக்கியங்களுக்கிடையே யாதொரு முரணையும் எமது சபை காணவில்லை. ஆகவே, பயிற்சி என்பது வீரருக்கன்றி ரசிகருக்கே அவசியம் என்றும், நாங்கள் மதகிலே நாள்தோறும் செய்துவருவதே அது என்றும் ஒரு விளக்கக் குறிப்புத் தங்கள் நூலிலே சேர்க்கப்படுமாயின், இத்தடை முற்றாக நீங்கும்.

எமது கோரிக்கைக்கு எதிராக ஓர் ஆட்சேபம் உள்ளூரிலேயே எழுந்துள்ளதையும் மறைக்கலாகாது. 1975இலே மறைந்த தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை நேரிற் கேட்ட முதியவர் ஒருவர், கோயில் வீதியிலே விடியுமட்டும் மணலில் உட்கார்ந்திருந்த சனம் எவ்வாறு கேட்டது என்று ஒரு மாலை எங்களுக்கு விவரித்தார். வித்துவான் கணக்கு ஒன்றை எடுத்து, எங்கே கொண்டுபோய் முடிப்பாரோ என்று தெரியாத ஒரு நீண்ட கோவையிலே இறங்கும்போது, சனத்தின் விரல்கள் மாத்திரம் தொடையிலே அசையும்; வாய் அசையாது; முடிப்பு சமத்திலே வந்து விழுந்த பிறகே ஆரவாரம். நடுவிலே எழுந்து “இப்ப திஸ்ரத்தை வாசி” என்று சொல்லத் துணிந்தவர் ஒருவரும் இல்லை. சொல்லியிருந்தால் அருகிலிருந்தவர்களே அவரைத் தூக்கி வெளியே வைத்திருப்பார்கள். அதே ஊர்ச் சனம் பந்தைக் கண்டவுடன் ஏன் இப்படி ஆகிறது என்பது அவருடைய கேள்வி. நாங்கள் நெடுநேரம் ஆலோசித்து, தவில் வாசிக்கத் தமக்குத் தெரியாது என்பது அந்தச் சனத்துக்குத் தெரிந்திருந்தது என்று விடை கூறினோம். முதியவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்பது குறிப்பேட்டிலே பதியப்படவில்லை.

தங்கள் சபையிலே எட்டு வாக்குகள் என்றும், பிரித்தானியச் சங்கங்கள் நான்குக்கும் தலைக்கொன்றும், 1913இலே சேர்ந்த பீஃபாவுக்கு நான்கும் என்றும், எட்டில் ஆறு கிடைத்தாலன்றி எந்த விதியும் மாறாது என்றும் அறிகிறோம். ஆறு பேர் ஒரே அபிப்பிராயத்திற்கு வருதல் எவ்விதம் நிகழ்கிறது என்பதை எங்களுக்கு ஒரு தனிக் கடிதத்திலே விளக்கியருளினால் நன்றியுடையோம். இம்மனுவிலே கையொப்பம் வாங்கும்போதே அத்தேவை எங்களுக்கு உண்டாயிற்று. முதலிலே ஒப்பமிடும் உரிமை தபாலதிபருக்கா, கூடுதலாக விளையாட்டுப் பார்த்த சலூன்காரருக்கா என்ற பிணக்கிலே ஒரு மாலை கழிந்தது. தம் பெயரை ரொறன்ரோக்காரரின் பெயருக்குக் கீழே போட்டமைக்காக ஒருவர் தம் ஒப்பத்தை வாபஸ் பெற்றார். மாஸ்ரரிடமும் ஒரு பிரதி காட்டினோம். அவர் வாசித்து, இரண்டு இடங்களிலே சந்திப் பிழை திருத்தித் தந்து, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி என்றும், விரும்பியவர்கள் வந்து மூலை உதை போட்டுக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை எங்கள் எல்லாருக்கும் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பணிவன்புள்ள,
காரியதரிசி, மதகடி ரசிகர் குழாம், அளவெட்டி.

பின்குறிப்பு: இம்மனுவுக்கு எதிராக வேறொரு பெட்டிசம் தங்களுக்கு வந்து சேரும். அதிலே ஒப்பம் இராது. காரியதரிசி தெரிவு முறையற்றது என்றும், அவருக்கு ஓஃப்சைட் என்றால் என்ன என்றே தெரியாது என்றும் எழுதியிருக்கும். எழுதுபவரை எங்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே கோவையில் இட்டுக்கொள்ளலாம்.